சிவப்பு வட்டம் போட்ட வீடு

ஆராய்ச்சி செய்பவர் ஊரைக் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைக்கும் நேரத்தில், ஊர் அவரைக் கவனித்து முடித்திருக்கும். இந்த உண்மையை நான் படித்த எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. கெலமங்கலம் சாலையில் இருந்த ஒரு கிராமமும் ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும்தான் சொல்லிக்கொடுத்தன.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டே எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கல்வியின் முதல் எதிரி வகுப்பறையின் நான்கு சுவர்கள் என்பது என் கொள்கை. (தேநீர் குடிக்கும்போதுகூட அப்படித்தான் பேசுவேன், என்னோடு தேநீர் குடிக்க அதிகம் பேர் வருவதில்லை.) ஓசூரில் எழும் புதிய தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கும் என்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எதிர்பார்க்கின்றனவா என்பது என் ஆய்வுப் பொருள். பொருளாதார மாணவர்களையும் புள்ளியியல் மாணவர்களையும் ஒன்றாகக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றால் ஆய்வும் நடக்கும், புதுமையான கற்பித்தலும் நடக்கும் என்று நம்பினேன்.

புள்ளியியல் துறை ராஜேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். வீடுகளை நாங்கள் பொறுக்கக் கூடாது. குலுக்கல் சீட்டு மாதிரி, சமவாய்ப்பு எண் அட்டவணைதான் பொறுக்க வேண்டும்.

"உங்களுக்குப் பிடிச்ச வீட்டுக்கே போனா அது ஆராய்ச்சி இல்ல சார், விருந்து."

அதன்படியே வீடுகளைத் தேர்ந்தோம். மாணவர்கள் வீடு மாறிப் போய்விடாமலிருக்க, தேர்வான வீடுகளின் சுவரில் சிவப்பு வட்டம் போட்டுவைக்கலாம் என்பது மட்டும் என் சொந்த யோசனை. நானே போய்ப் போட்டுவிட்டு வந்து, அதற்காக என்னையே பாராட்டிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டுக்கு வேறு பொருள் இருந்தது. தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்தவர்கள் எந்தக் கல்லில் சிவப்புப் பூசினார்களோ அங்கேதான் பிற்பாடு புகைபோக்கி எழுந்தது. நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை உண்டு என்பது ஊரின் பேச்சு. எதிர்பார்ப்பைப் பற்றி ஆராயப் போன நான் இதை மட்டும் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் ராஜேஸ்வரியோடும் மாணவர்களோடும் போனேன்.

"வேலை கிடைக்கும்னு எதிர்பாக்கறீங்களா?"

"கண்டிப்பா கெடைக்கும் சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்கதான சார் வட்டம் போட்டுட்டுப் போனீங்க!"

வட்டம் போட்ட வீடுகள் எல்லாவற்றிலும் இதே பதில். நாங்கள் தேர்ந்தெடுக்காத வீடுகளிலும் இப்போது வட்டங்கள் தெரிந்தன. சில செம்மண், சில செங்கல் பொடி. ஒன்று என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது.

"சார், சாம்பிள் குட்டி போட்டிருக்கு" என்றார் ராஜேஸ்வரி.

அப்போதுதான் வெங்கடம்மா என்னைத் தேடி வந்தார். நாங்கள் உண்மையாகவே வட்டம் போட்ட வீடுகளில் அவருடையதும் ஒன்று. "எம் பையன் முனிராஜுக்குப் பொண்ணு முடிவாயிடுச்சு சார். வட்டத்தப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க. வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்தறோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நன்மை தீமைகளை எடை போட்டேன். மௌனமாக இருந்தால், இல்லாத வேலையை நம்பி ஒரு பெண் வாழ்க்கைப்படுவாள். பேசினால் ஒரு கல்யாணம் நின்றுபோகும்.

"இதுல எடை போட என்ன இருக்கு? சொல்லிடுங்க" என்றார் ராஜேஸ்வரி.

"எப்படிச் சொல்றது?"

"தமிழ்ல."

நான் அதைத் தூய தமிழ் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெங்கடம்மாவின் வீட்டில், சபை நடுவில் எழுந்து, "இவ்வட்டம் வேலைவாய்ப்பின் அறிகுறியன்று, சமவாய்ப்பு முறையில் தேர்வான ஓர் அடையாளமே" என்று அறிவித்தேன்.

பெண்ணின் அப்பா நஞ்சப்பா மெதுவாகத் தலையசைத்தார். "புரியுது சார். வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்."

"ஐயோ, நான் வெறும் வாத்தியாருங்க!"

"வாத்தியாராட்டம் வந்தாத்தான யாருக்கும் சந்தேகம் வராது?"

மறுக்க மறுக்க என் மதிப்பு கூடியது. தட்டில் இன்னொரு வாழைப்பழம் வந்து சேர்ந்தது. வேறு வழி தெரியாமல், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எல்லார் கண்முன்னும் வட்டத்தை அழிக்க ஆரம்பித்தேன். அது அழியாமல் பூசணிக்காய் அளவுக்குப் பரவியது. ஆனால் சொல்லால் புரியாதது செயலால் புரிந்துவிட்டது.

"அழிச்சிட்டாரே!" என்று எழுந்த நஞ்சப்பா, தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "வேல வரட்டும். அப்புறமா வெத்தல மாத்திக்கலாம்."

அதுவரை தமிழில் பேசிய வெங்கடம்மா என் பக்கம் திரும்பித் தெலுங்குக்கு மாறினார். என்னோடு வந்திருந்த ராஜேஸ்வரியின் தாய்மொழியும் தெலுங்குதான். அன்று வெங்கடம்மா என்ன சொன்னார் என்பதை அவர் இன்றுவரை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்குப் போனபோது வெங்கடம்மா மகனோடு துறையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "நீங்க அழிச்ச வேலைய நீங்களே வாங்கிக் குடுங்க."

முனிராஜ் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். தேர்வு என்றால் நடுங்குபவன். நான் திட்டமிட்ட பல்துறைக் கல்வி உண்மையில் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது. இயற்பியல்காரர் மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ராஜேஸ்வரி தசமக் கணக்கு. ஆங்கிலத் துறை, நேர்காணலுக்குத் தேவையான சில வாக்கியங்கள். நான் ஓசூரில் கம்பெனி வாசல் வாசலாக அவனை அழைத்துச் சென்றேன். ஒரு காவலாளி என்னையும் மேலும் கீழும் பார்த்து, "பையன் உள்ள போகட்டும். உங்க வயசுக்கு ஆள் எடுக்கல சார்" என்றார்.

கடைசியில் போல்ட் செய்யும் ஒரு சிறு கம்பெனி அவனைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. தை மாதம் அதே பெண்ணோடு கல்யாணம். இம்முறை என்னை யாரும் பேச விடவில்லை.

வாய்மொழித் தேர்வில், "உங்கள் ஆய்வின் முடிவு என்ன?" என்றார் தேர்வாளர். "எதிர்பார்ப்பு அதிகம் ஐயா. பெரும்பகுதி நான் உண்டாக்கியது" என்றேன். சிரித்துவிட்டுப் பட்டம் கொடுத்தார்.

ராஜேஸ்வரியும் நானும் பிறகு திருமணம் செய்துகொண்டோம். (அது சமவாய்ப்பு முறையில் நடந்ததல்ல என்று அவர் எல்லாரிடமும் சொல்வார்.) வெங்கடம்மாவின் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பூசணிக்காயை மட்டும் விட்டுவிட்டுத்தான் சுண்ணாம்பு அடித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் நடந்த எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முனிராஜ் மனைவியோடு வந்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவரை மட்டும் காணவில்லை. வீட்டை வெளியே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, சபை முழுவதும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"செவுத்துல ஒண்ணும் இல்ல சார். தைரியமா வெத்தல மாத்துங்க."