மாவு ஒட்டிய ஸ்டிக்கர்

இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்ற இரண்டு சிறுநீர்ப் புட்டிகளையும் பார்த்து, ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு தனசேகரன் திருட்டு முழி முழித்தார். ஒன்றில் அவர் பெயர், மற்றதில் மனைவி வசந்தகுமாரியின் பெயர். ஒரே சமையல் சாப்பிடுகிறவர்கள் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அவளுடையதையும் மருத்துவமனை கேட்டிருந்தது.

சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத துகளில் மருந்தை ஏற்றி நேரே சிறுநீரகத்தில் இறக்கும் புது ஊசியைச் சோதனைக்காகப் போட்டுக்கொண்டிருந்தார். இதற்கும் கேட்காவிட்டால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மனுஷரோ காய்கறி வாங்குகிற சாக்கில் தேக்கா சந்தைக்குப் போய், இனிப்பான தே தாரிக் டீயும் முறுக்குமாக வெளுத்துக் கட்டியிருந்தார். இப்போது பரிசோதனையில் குட்டு உடைந்துவிடும்.

வசந்தகுமாரி குளிக்கப் போனதும் ஸ்டிக்கர்களை உரித்தார். ஆச்சரியம், தொட்டதுமே கையோடு வந்தன. முருகனே துணை நிற்கிறான் என்று மாற்றி ஒட்டினார். இப்போது ஒட்ட மறுத்தன. ஊதினார், வேட்டியில் துடைத்தார், ஓரம் கிழிந்தது. கடைசியில் இட்லி மாவைத் தொட்டு ஒட்டினார்.

"அங்க என்னங்க பண்றீங்க?" தலையில் துண்டோடு வசந்தகுமாரி.

"தண்ணி குடிக்கிறேன் லா."

"குடிங்க. அந்தப் புட்டிங்க கிட்ட மட்டும் போகாதீங்க!" என்று அவசரமாக ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

மருத்துவமனையில் தாதி ஆஸ்மா புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "அங்கிள், இது என்ன வெள்ளையா?"

"மாவும்மா. வீட்டுல அரைச்சது."

ஒரு வாரம் கழித்து இருவரும் முடிவு கேட்கப் போனபோது, ஆஸ்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அங்கிள், உங்க யூரின்ல புரோட்டீன் பாதியா குறைஞ்சிருச்சு! இதை வச்சு இன்னும் நிறைய பேருக்கு இந்த மருந்தைக் குடுக்கப் போறாங்க."

தனசேகரனுக்கு வேர்த்தது. தன் பொய்யை நம்பி யாரோ ஒரு அப்பாவி ஊசி போட்டுக்கொள்வதா? மனசு கேட்கவில்லை.

"அது என்னோடது இல்லம்மா. இவளோடது. தே தாரிக் குடிச்சே நான் கெடுத்துக்கிட்டேன். மருந்தை நிறுத்திட்டீங்கன்னா இவ தனியா கெடந்து அல்லாடுவாளேன்னு ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன்."

வசந்தகுமாரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! நீங்க பல் தேய்க்கப் போனப்பவே நான் ஒரு தடவை மாத்தி ஒட்டிட்டேனே! பத்தியச் சாப்பாட்டைப் பார்த்து நீங்க முகம் வாடுறது தாங்காம, குழம்புல உப்பைக் கூட்டிப் போட்டது நான்தாங்க. என்னால உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா…"

அழுதேவிட்டாள். தனசேகரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியது.

ஆஸ்மா இருவரையும் பார்த்து, விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு தடவை மாத்துனா, அப்ப இது அங்கிளோடதுதானே லா!"