எந்த உறுப்பு என்று சொல்லாமல் போனவனுக்கு

உத்திரமேரூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தமிழ்வாணனுக்கு,

சித்தி பிரபா எழுதுவது. விளையாட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவன், தன் உடம்புக்கு என்ன, ஏன் ஆட வரவில்லை என்று தன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவனா? எனக்கு விடை தெரியவில்லை. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பதால் எழுதவில்லை.

மூன்று ஆட்டங்களாக நீ கபடிக் களத்தில் இல்லை. "உடல்நலக் காரணங்களால் பங்கேற்கவில்லை" என்று உன் அணி ஒரு வரி அறிவித்தது. "நான் நல்லா இருக்கேன்" என்று நீ வீட்டுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துப் பதினோரு நாள் ஆகிறது. அதனால்தான் வடக்கே இருக்கும் உன் அணியின் முகவரிக்கு இந்தக் கடிதம். அவன் உடம்பு அவனுடையது, யாரும் துருவக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன மறுநாள்தான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற பச்சமுத்து, உன் ரசிகர் மன்றத் தலைவர், பதினான்கு பேரோடு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், தம்பிக்கு இன்னா ஆச்சு?"

"தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அது அவன் சொந்த விஷயம்."

"சொந்த விசயந்தான் மேடம். நாங்க இன்னா ஸ்கேன் ரிப்போர்ட்டா கேக்கறோம்? எந்த உறுப்புன்னு மட்டும் சொல்லுங்க. அம்மனுக்கு வேண்டிக்கினு கீறோம், தகடு வாங்கணும்."

விஷயம் இதுதான். காலில் நோய் என்றால் கால் உருவம் பதித்த வெள்ளித் தகடு, கண்ணில் என்றால் கண் பதித்தது, உண்டியலில் போட வேண்டும். உறுப்பு தெரியாமல் எதைப் போடுவது? கோயில் வாசலில் தகடு விற்கிற செங்கேணியும், "எடதா வலதான்னு பாத்து வாங்கு நைனா, மாத்திப் போட்டா நல்லா கீற காலுக்கு வேண்டுனாப்ல ஆயிடும்" என்று பயமுறுத்திவிட்டார். உன் கடைசி ஆட்டத்தைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, இடது முட்டி என்று ஒரு கட்சி, வலது தோள் என்று ஒரு கட்சி, நீ ஒருமுறை கண்ணைக் கசக்கியதால் கண் கட்சி என்று மன்றம் மூன்றாக உடைந்து, கடைசியில் சமாதானமாகி, செங்கேணியிடம் இருந்த கை, கால், கண், வயிறு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். நிஜமான மூட்டுவலியோடு திருப்புலிவனத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்குக் கால் கிடைக்கவில்லை. விசாரித்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து, "இங்க ஒரு காலு கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

அதையாவது சிரித்துத் தள்ளலாம். உன் அம்மா மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, துணிப்பையில் புடவைகளையும் ஊறுகாயையும் கட்டி வெச்சிக்கினு, ரயில்ல ஒன்றரை நாள் ஆனா இன்னா, நான் போய்ப் பாக்கறேன்னு கெளம்பி நிக்கறா. சொல்லாததுக்கு ஏதாவது காரணம் இருக்கும் அக்கான்னேன். "உனுக்கு இன்னாடி, நீயா பெத்த?" என்றாள்.

ஆகவே, ரசிகர்களுக்கோ எனக்கோ நீ எந்த விவரமும் தர வேண்டியதில்லை. நான் கேட்கவும் இல்லை. கபடி பாடிப் போகும் ஒவ்வொரு முறையும் மூச்சு மிச்சமிருக்கக் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் சித்தி,
பிரபா

பி.கு. திங்கள். இதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் நடந்ததில் நீ போனில் கேட்டது பாதிதான். போனைத் திறந்து, மன்றத்தார் அனுப்பியிருந்த தகடுகளின் படத்தை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு நீ பச்சமுத்துவைக் கூப்பிட்டதும், வந்திருப்பது சின்னம்மை, இறங்கிவிட்டது, அம்மாவுக்கு அது ஒருமுறைகூட வந்ததில்லை, தெரிந்தால் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் வாங்கிக்கொள்வாள் என்றுதான் மறைத்தாய் என்பதும் எனக்கு அவருடைய பஞ்சர் கடை வாசலில்தான் தெரிந்தது. போனைப் பிடுங்கி நான் கத்தியதை நீயே கேட்டாய்: "மொதல் நாளே எனக்குச் சொல்றதுக்கு இன்னாடா? ஜுரம் எவ்ளோ? முதுகுல எத்தினி கொப்புளம்?"

நீ கேட்காதது, போனை வைத்த பிறகு பச்சமுத்து மெதுவாகச் சொன்னது. "மேடம், கொப்புளக் கணக்குலாம் தம்பியோட சொந்த விசயம். ரோட்ல வெச்சிக் கேக்கலாமா?" பிறகு முகம் மலர்ந்து, "ஒடம்பு பூரா கீதுன்னா, நாம வாங்குனது ஒண்ணும் வீணாவல மேடம்" என்றார்.

இப்போது உன் உடம்புக்கு என்ன என்று பச்சமுத்துவுக்கும் பதினான்கு ரசிகர்களுக்கும் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. முட்டியில் சின்ன வீக்கம், பத்து நாளில் ஆடுவான் என்று அக்காவிடம் சொன்னேன். எந்த முட்டி என்று கேட்டாள். வலது என்றேன். பையிலிருந்த புடவைகளை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, அடுப்பில் உலை வைத்தாள்.