ஹாரன் அடித்தால் அனல் காற்று

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆறு பேரும் கொடுக்காத அவமானத்தை ஒரு பழைய கார் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் ஓட்டின கார் அது. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வந்ததால் அதில் ஹீட்டர் உண்டு. (சித்தூர் வெயிலுக்கு ஹீட்டர் ஒன்றுதான் குறைச்சல்.) கொட்டகையில் கிடந்ததை மூத்தவன் சேகர் பிரித்துப்போட்டு, தன் மகன் கல்யாணத்துக்காகச் சரிசெய்தான். தாலி அந்தக் காரில்தான் திருப்பதி மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

வைகாசி வெயில். மடியில் தாலி. ஊர் தாண்டியதும் சேகர் ஹாரனை அழுத்தினான். தொண்டை கட்டின பூனை மாதிரி ஒரு சத்தம். கூடவே ஹீட்டர் காற்றாடி தானாகச் சுற்றி, என் முகத்தில் அனலை அடித்தது. சூட்டைத் தடுக்கிற திருகும் இறுகிப்போயிருந்தது.

"ஹாரன் அடிக்காத ஓட்டு நைனா."

"அப்ப எருமைங்களுக்கு நீயே எறங்கி சொல்லிக்கினு வாம்மா."

புத்தலப்பட்டு வருவதற்குள் பாதி வெந்துவிட்டேன். அங்கே ஒரு கரும்பு லாரி முன்னால் ஊர்ந்தது. ஹாரன் அடியோடு செத்தது. முகூர்த்தம் நெருங்குகிறது, தாலி எங்கே என்று மண்டபத்திலிருந்து போன்மேல் போன்.

சேகர் ஓரங்கட்டி, ஃபியூஸை மாற்றினான், ஒயர்களை இழுத்துப் பார்த்தான். கடைசியில், ஒயர்களெல்லாம் சேர்ந்து வண்டியின் இரும்பைத் தொடுகிற போல்ட்டைக் கழற்றினான். அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது.

"இதுல யாரும்மா மஞ்சள் பூசினது?"

நான் லாரி போன திசையைப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று பிரித்துவைத்த சாமான் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், சந்தனம் வைத்தவள் நான்தான். அந்த போல்ட் சின்னதாகப் பாவமாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே அப்பியிருந்தேன். இரும்புக்குப் போக வழியில்லாத கரண்ட், ஹீட்டர் வழியாகப் புறப்பட்டிருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினான். ஹாரன் அலறியது, காற்றாடி நின்றது. கெட்டிமேளத்துக்குக் கை ஓங்குகிற நேரத்தில் தாலியோடு போய் நின்றேன். தலையில் பூ வதங்கி, பட்டுப்புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோயில் கோனேர்ல முழுக்குப் போட்டு நேரா வர்றீங்களா?" என்று பக்தியோடு கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போதும் நான் குங்குமத் தட்டை எடுத்தால், "ஆயா வருது, பானெட்ட மூடு" என்று வீடே கத்துகிறது. வாஷிங் மிஷினைக்கூட என்னிடம் விடுவதில்லை.

லாவண்யா, நான் சொன்னதெல்லாம் எழுதிக்கினியா? எங்கே, படிச்சுக் காட்டு. அந்தக் கோனேரு வர்ற எடத்த மட்டும் மெதுவான கொரல்ல படி. உள்ள உங்க அண்ணி இருக்குது, அவங்கம்மா காதுக்குப் போயிடும்.