ஆறு நாளில் பூத்த மல்லாட்டை

பி.எட். படித்த யாரையாவது தனியாகக் கூப்பிட்டுக் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேளுங்கள். கடைசித் தேர்வு வகுப்பு தானாக நடந்தது என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்கள். வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் முன்னால் நாம் கேட்கும் கேள்வி, பிள்ளைகள் சொல்லும் பதில், நடுவில் வரும் ஆச்சரியம் எல்லாமே முந்தின வாரம் ஒத்திகை பார்த்து முடித்தவை. ஆச்சரியத்துக்கு மட்டும் இரண்டு ஒத்திகை பார்த்தவள் நான். அதனால் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. திண்டிவனத்து வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பியது என் மாமியார். (அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மாவைவிட அவருக்குத்தான் நான் டீச்சராக வேண்டும் என்று ஆசை.) ஆனால் அவருக்கு மூட்டு வலி. முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு வருஷம் நான் பாத்துக்கறேன். அதுக்குள்ள முடிச்சிரும்மா. மூணாவது வருஷம் இவ பின்னாடி ஓட என் முட்டி தாங்காது." தேர்வு வகுப்பில் கோட்டை விட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் என்றால் படிப்புக்கு முழுக்கு.

பயிற்சிக்குப் போட்டிருந்த பள்ளி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். (பெயர் வேண்டாம். அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள்.) எட்டாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் தெர்மகோலில் இதயமும் எரிமலையும் செய்துகொண்டிருந்தபோது எனக்கு மட்டும் வேறு பித்துப் பிடித்தது. கல்லூரியில் ஒரு பயிலரங்கம் நடத்தி, விசாரணை முறைக் கற்றல் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சர் பதில் சொல்லக் கூடாது. பிள்ளைகளே பார்த்து, கேள்வி கேட்டு, யூகித்து, சோதித்து, சாட்சியோடு கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. எதற்கெடுத்தாலும் "சாட்சி என்ன?" என்றேன். வயிறு வலிக்கிறது என்று வந்து நின்ற பிள்ளையிடம்கூடக் கேட்டிருக்கிறேன். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் கணக்கு சாரிடம் போய்ச் சூத்திரத்துக்குச் சாட்சி கேட்டார்கள். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

தேர்வு வகுப்புக்கு எளிமையான ஒரு கேள்வியைப் பிடித்தேன்: விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா? பிள்ளைகள் ஏரிக்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) ஊன்றினோம். ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று ஒரு அட்டைப்பெட்டியால் மூடி இருட்டில். தினமும் நான் அளந்து தண்ணீர் விடுவேன். ஆறாம் நாள் தேர்வாளர் முன்னால் பெட்டியைத் தூக்கினால் இரண்டிலும் முளை தெரியும், நாற்பத்திரண்டு பேரும் "ஹை" என்பார்கள். அந்த "ஹை"க்குத்தான் நான் சொன்ன இரண்டு ஒத்திகையும்.

ஐந்தாம் நாள் சாயந்திரம் பள்ளி விட்டதும் பார்த்தேன். ஜன்னலோர டப்பாவில் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள்ளும் ஒன்றும் இல்லை. மண்ணிலிருந்து ஒரு ஊசல் வாடை மட்டும் வந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்ல அறிவியல் டீச்சர் என்ன செய்திருப்பார்? ஏன் முளைக்கவில்லை என்பதையே மறுநாள் பாடமாக்கியிருப்பார். நான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன்.

அவர் மனசு தங்கம். பைக்கை எடுத்துக்கொண்டு மயிலம் பக்கம் அவர் சித்தப்பாவின் கொல்லைக்காட்டுக்குப் போய், நாலு செடியைப் பிடுங்கி ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இருக்கறதுலயே சின்னதா பாத்து எடுத்துக்கினு வந்தேன்" என்றார். (செல்போன் கடை வைத்திருப்பவர். மல்லாட்டையை வேகவைத்துத் தட்டில் கொடுத்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும்.) அவரைச் சொல்லி என்ன? நான் தாவரவியலில் முதல் வகுப்பு. இருட்டில் வளரும் செடி வெளிறி, மஞ்சளடித்து, ஒல்லியாக நீளும் என்று பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியவள். அந்த மகாமேதைதான் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், கொழுகொழுவென்ற பச்சைச் செடிகளை இரண்டு டப்பாவிலும் அவசர அவசரமாக நட்டு, ஜன்னலோர டப்பாவை அந்தத் துண்டால் மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

தேர்வாளர் ஒரு அம்மாள். சிரித்தால் மார்க் குறைந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். நான் பாடத்தை ஆரம்பித்தேன். பிள்ளைகள் தங்கக்கட்டிகள், சொல்லிவைத்தபடி பதில் சொன்னார்கள். துண்டை உருவி, அட்டைப்பெட்டியைத் தூக்கினேன். நாற்பத்திரண்டு பேரும் "ஹை" என்றார்கள். அதோடு ஒத்திகை முடிந்தது. முன் பெஞ்சு கௌசல்யா எழுந்து நின்றாள். அவள் வீட்டில் வருஷா வருஷம் மல்லாட்டை போடுகிறவர்கள்.

"மிஸ், அது பூத்துக்கினு இருக்குது மிஸ்."

குனிந்து பார்த்தேன். அடித்தண்டில் இலைக்குக் கீழே சின்னதாக, மஞ்சளாக, பளிச்சென்று ஒரு பூ.

"எங்க கொல்லைல பூ வெக்க இருவத்தஞ்சு நாளுக்கு மேல ஆவும் மிஸ். இது எப்படி மிஸ் ஆறே நாளுல பூத்துச்சி?"

இது நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம் என்று உளறினேன். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "ஏன் நாளைக்கு? நீங்க பதில் சொல்லாதீங்க. அவங்களே கண்டுபுடிக்கட்டும்."

அப்புறம் நடந்ததுதான் என் வாழ்நாளில் நான் நடத்திய மிகச் சிறந்த விசாரணை முறை வகுப்பு. குற்றவாளியும் நான்தான். யூகங்களைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள் பிள்ளைகள், எழுதினேன். ஒன்று: இருட்டில் செடி பயந்துபோய்ச் சீக்கிரம் பூக்கும். இரண்டு: யாரோ மருந்து அடித்திருக்கிறார்கள். மூன்று: யாரோ செடியை மாற்றிவிட்டார்கள். மூன்றாவதையும் என் முத்து முத்தான கையெழுத்திலேயே எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன். பழக்க தோஷம்.

சாட்சி தேடினார்கள். இருட்டுச் செடிக்கும் வெளிச்சச் செடிக்கும் இலை ஒரே பச்சை. முதல் யூகத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. செடியை மெல்லத் தூக்கினார்கள். நாங்கள் போட்டது கறுப்புக் களிமண். வேரிலோ செம்மண் ஒட்டியிருந்தது. இன்னும் தோண்டினால் அடியில் அவர்கள் கையால் ஊன்றிய மல்லாட்டை, அழுகிக் கூழாகி நாறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதை எடுத்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது யூகம் ஜெயித்தது. யார் மாற்றியது என்பதுதான் பாக்கி. செம்மண் உள்ள ஊர் எது என்று ஒரு குழு பேச ஆரம்பித்தது. கௌசல்யாவின் பார்வை டப்பாவிலிருந்து, டப்பாவைப் பிடித்திருந்த என் விரலுக்கு வந்தது. நகக்கண் பத்திலும் செம்மண். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. சட்டென்று தேர்வாளர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"சாட்சி பத்தல மேடம். இதோட விட்டுடலாம்."

இரண்டு மாதமாக அந்தக் குழந்தைக்குச் சாட்சி சாட்சி என்று ஓதியவள் நான். அவள் எனக்காக அதை மூடி மறைக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அத்தையின் முட்டி ஒரு கணம் கண்முன் வந்து போனது. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பொய் சொல்லவிட்டு நான் பாஸாக முடியாது.

"சாட்சி இருக்குது கௌசல்யா. நான்தான் மாத்தினேன். நம்ம வெதை மொளைக்கல. மார்க் போயிடும்னு பயந்துட்டேன்" என்று கையை விரித்துக் காட்டினேன்.

தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டார், அப்படியென்றால் நம் விதை ஏன் முளைக்கவில்லை என்று. பிறகு பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். மிஸ் விட்ட தண்ணீர் போதாது என்று நினைத்து, தானும் தினம் ஒரு பாட்டில் மூடி தண்ணீர் விட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு டப்பாவுக்கும், ஆளுக்கு ஒரு மூடி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கௌசல்யா சொன்னாள்: "நல்லா வளந்தா நீங்க பாஸாயிடுவீங்கன்னு மிஸ்."

அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே கரும்பலகையில் முடிவை எழுதினார்கள்: தண்ணீர் அதிகமானால் விதை அழுகும்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செடி மாற்றியதற்குக் கண்டிப்பாக மார்க் குறைப்பேன், திட்டமிடலுக்கு ஒன்றும் கிடையாது என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மத்ததுல கைவைக்க மனசு வரல, போங்க" என்றார். பாஸ். எல்லைக்கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, ஆனால் பாஸ்.

சாயந்திரம் வீட்டில் முழுக்கதையையும் சொன்னேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, பூ விட்ட செடியைப் பிடுங்கி வந்த தன் பிள்ளையைக் கொஞ்சம் திட்டினார். மறுபடியும் சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தை என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவதான் எங்க மருமவ. ஆறு நாளுல மல்லாட்டைய பூக்க வெச்சவ." இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்தத் தகுதியை அவர் சொல்வதே இல்லை.

போன மாதம் வளவனூரில் ஒரு கல்யாணம். தூரத்து உறவில் ஒரு பெரியவர், நிஜமாகவே மல்லாட்டை போடுகிறவர், பந்தியில் இதை நம்பிவிட்டார். இலையை விட்டுவிட்டு, அப்படி என்னதான் உரம் போட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"உரம்லாம் ஒண்ணும் இல்லீங்க. நாப்பத்திரெண்டு புள்ளைங்க சேந்து தண்ணி ஊத்துச்சிங்க. எங்க மருமவ தேறிட்டா."