இருபத்தைந்து லிட்டரும் ஒரு 'தெரியும்'காரரும்

"எனக்கு எதையும் ரெண்டு தடவ சொல்லணும்னு இல்ல. சொல்லப்போனா ஒரு தடவகூடச் சொல்லத் தேவையில்ல."

ஜமுனாமரத்தூரில் புளி வாங்கி விற்கும் கோபால்சாமி, டீக்கடையில் பத்துப் பேர் கேட்க இப்படிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் அதே இனம்.

இனம் என்று சொல்லிவிட்டு அறிமுகப்படுத்தாமல் போவது முறையல்ல. இவர் பெயர் 'தெரியும்'காரர். எல்லாம் தெரிந்தவரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லாம் தெரிந்தவர் நமக்குச் சொல்லித்தருவார். அது ஒரு தொல்லை. 'தெரியும்'காரர் சொல்லித்தருவதில்லை, பிறரைச் சொல்லவும் விடுவதில்லை. நீங்கள் வாயைத் திறக்கும்போதே அவர் தலை ஆடத் தொடங்கிவிடும். டாக்டர் "இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு..." என்று ஆரம்பித்தால், முன்பா பின்பா என்று கேட்காமலே சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்; வேலூரில் யாரையாவது நிறுத்தி வழி கேட்பார், அந்த ஆள் கையை நீட்டுவதற்குள் "அதான், அதான்" என்று எதிர்த்திசையில் நடந்துவிடுவார்; புது மிக்சியோடு வரும் புத்தகத்தை உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுவார்; சாவு வீட்டில் நடந்ததைச் சொல்ல மகன் வாயெடுத்தால் "தெரியும்பா" என்று தோளைத் தட்டிவிட்டு, தெருவுக்கு வந்ததும் மனைவியிடம், "ஆமா, இன்னா ஆச்சாம் அவருக்கு?" என்பார்.

இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்கிறீர்களா? குளியலறை வரும்வரை ஒன்றுமில்லை.

கோபால்சாமியின் மனைவி ரேணுகாதேவிக்கு மார்கழி வந்தால் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். மலைத் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் வீங்காமல் என்ன செய்யும்? பச்சைத் தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. குளியலறை கெய்சரிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய் இழுத்தால் போதும். அதற்குச் செங்கத்திலிருந்து பஸ் ஏறி பிளம்பர் இளவழகன் வரவேண்டும். வியாழக்கிழமை காலை வந்து, மதியம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்புவதாக அவர் ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். அன்றைக்கு முடியாவிட்டால் பொங்கல் கழித்துத்தான்.

முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. நல்லவேளையாக ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணே, நான் வர்றதுக்குள்ள கெய்சர காலி பண்ணி வச்சிடுங்க. மொதல்ல கரண்ட்ட..."

"தெரியும்பா."

"கரண்ட்ட அணச்சி ஆற வுடுங்க. அப்புறம் கீழ நீலப் பக்கம் ஒரு நட்டு..."

"தெரியும், தெரியும். நீ பஸ்ஸ வுட்றாத."

போன் வைக்கப்பட்டது. அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரேணுகாதேவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். கத்திரிக்காய் சற்று வேகமாகத் துண்டானது.

வியாழன் காலை ஆறரைக்கு அவர் கேட்டார்: "இன்னாங்க, கெய்சர்ல சிவப்பு லைட் எரியுதே?"

"அது சும்மா. கரண்ட் கீதுன்னு காட்டுது, அவ்ளோதான்."

ரேணுகாதேவி எட்டிக் கையை நீட்டினார். சுவிட்சை அணைத்துவிட்டு, தோசைக்கல்லைக் கவனிக்கப் போனார். அன்று அந்த வீட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அதற்குச் சாட்சி கிடையாது.

எட்டு மணிக்குக் கோபால்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தார். தொட்டியிலிருந்து கெய்சருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடினார். சரிதான். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார். அதுவும் சரிதான். ஒரு சொம்பு தண்ணீர் வந்தது, பிறகு நூலாக இழைந்தது, பிறகு நின்றது. கோபால்சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"காலி!"

"அவ்ளோ பெரிய டப்பாவுல ஒரு சொம்புதானா?" என்றார் ரேணுகாதேவி.

"குழாய்ல வரலன்னா உள்ள இல்லன்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது உனக்கு?"

பத்து மணிக்கு இளவழகன் வந்தார். 'தெரியும்'காரர்களின் குளியலறைகளில் இருபது வருஷம் உழைத்தவர் என்பதால், "காலி பண்ட்டேன், ஒரு சொட்டு இல்ல" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதலில் செய்தது, ஸ்பேனரால் கெய்சரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டியது. 'ணங்' என்று கேட்கவேண்டியது 'தொம்' என்று கேட்டது.

"அண்ணே, ரொம்பி கீது."

"எப்டிப்பா ரொம்பும்? குழாய் தொறந்துதான கீது? வருதா பாரு!"

"அது மேல்பக்கமாத்தான் எடுக்கும்ணே. கீழயிருந்து பச்சத்தண்ணி தள்ளினாத்தான் மேல வழியும். நீங்க கீழ மூடிட்டீங்க. தள்றதுக்கு ஆளில்ல, அது பாட்டுக்கு உள்ள குந்தினு கீது. கொஞ்சம் இருங்க, வாசல்ல பையில ஹோஸ் வச்சிருக்கேன், எடுத்தாறேன்."

அவர் வாசலுக்குப் போய் வர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் 'தெரியும்'காரருக்கு ஒரு நிமிஷம் என்பது நீண்ட காலம். சும்மா கிடந்த ஸ்பேனரை எடுத்தார், ஸ்டூலில் ஏறினார், பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் நீலப் பக்கத்து நட்டைப் பிடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று நிரூபிப்பதற்காக, இரண்டு சுற்றுச் சுற்றினார்.

உள்ளே இருந்தது.

முழங்கை வழியாக, பனியன் வழியாக, மடித்துக் கட்டிய வேட்டி வழியாக இறங்கியது. பதறிப்போய் இரண்டு கையாலும் நட்டைப் பொத்திக்கொண்டார். இனிமேல் விட்டால் மொத்தமும் தலையில். விடாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில். ஸ்பேனர் கீழே விழுந்து கதவோரம் உருண்டது. திறந்தாகிவிட்டது சரி, மூடுவது எந்தப் பக்கம்? வலமா, இடமா? தலைக்கு மேலே இருக்கிற நட்டுக்கு வலம் எது?

"ஏய் ரேணுகா! எந்தப் பக்கம் திருப்பணும்?"

ரேணுகாதேவி கதவருகே வந்து நின்றார். ஆறு வருஷ மார்கழி அவர் விரல்களில் இருந்தது.

"உங்களுக்குத்தான் தெரியுமேங்க."

"அடியே, சுடுதுடி!"

சுட்டது, ஆனால் தோல் உரியவில்லை. ஆறரை மணிக்கே ஆறத் தொடங்கிய தண்ணீர் அது. விளக்கு தானாக அணைந்தது என்றே கோபால்சாமி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓடிவந்த இளவழகன் ஒரே எட்டில் கையைக் கொடுத்து நட்டை இறுக்கினார். பிறகுதான் வேலை தொடங்கியது. போர்டில் கெய்சருக்குப் போகும் மின்சாரத்தையே மொத்தமாக இறக்கினார். தொட்டித் தண்ணீரின் வால்வு மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். உள்ளே காற்றுப் போவதற்காகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டார். உள்ளே இருப்பது கை பொறுக்கும் சூடுதானா என்று ஒரு விரல் வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நீலப் பக்கத்தைக் கழற்றி, ஹோஸைச் செருகி, மறுமுனையைத் தரையில் தண்ணீர் போகும் துளையில் வைத்தார். இருபத்தைந்து லிட்டரும் சத்தமில்லாமல், யார்மீதும் படாமல் வடிந்துபோயின. மறுபடி தண்ணீர் நிரம்பிக் குழாயில் ஒழுங்காக வரும்வரை சுவிட்சைப் போடக் கூடாது, போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் கருகிவிடும் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் வாசகரிடம் ஒரு கேள்வி. மேலே உள்ள பத்தியை வரி வரியாக வாசித்தீர்களா? அல்லது 'கெய்சர்தானே, தெரியும்' என்று கண்ணை வழுக்கவிட்டு இங்கே வந்து இறங்கினீர்களா? அப்படியானால், முதலில் மின்சாரமா, முதலில் வால்வா? திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள். திரும்பிப் பார்ப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

ஒன்றரை மணிக்கு ரேணுகாதேவி சமையலறையில் புதுக் குழாயைத் திறந்து, வெதுவெதுவென்று விழும் தண்ணீரில் விரல்களை நீட்டிக்கொண்டு நின்றார். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை. சும்மா நின்றார்.

பஸ் நிறுத்தத்தில் பிளம்பரின் பையைக் கோபால்சாமியே சுமந்துகொண்டு நின்றார். விரல்களில் மஞ்சள் மருந்து. டீக்கடை ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, அந்த வரிசைய ஒரு தரம் சொல்லேன்."

இளவழகன் சொன்னார். கோபால்சாமி தலையை ஆட்டவில்லை. நடுவில் பேசவில்லை. பஸ் வந்து, இளவழகன் படியில் கால் வைத்தபோது அவர் பையைக் கொடுக்காமல் மெதுவாகச் சொன்னார்:

"இன்னொரு தரம்."