ஆறு மணிப் பாராயணம்

கத்தியில் இருந்த இரத்தம்தான் ஆரணிக்குப் பிரச்சினையாகிவிட்டது.

கதைக்குள் சிந்திய இரத்தம் அல்ல. அதை அவள் எத்தனை வாளி என்றாலும் தாங்குவாள். இது முன்னட்டையில் இருந்த இரத்தம். காலி வீதியில் ராசிக் நானாவின் கடையில் வாடகைக்கு எடுத்த மர்ம நாவல் அது. கதவிடுக்கில் ஒரு பெண்ணின் கை, கையில் கத்தி, கத்தியிலிருந்து சொட்டும் சிவப்பு. அச்சகத்தார் அந்த மையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாமியார் காலமாகி, ஒரு வருடம் நிறையும்போது வரும் ஆட்டைத் திவசம் இன்னும் முடியாத தொடர்மாடி வீட்டுக்குள், அந்தப் புத்தகத்தை அவள் மரக்கறிப் பையின் அடியில், முருங்கையிலைக் கட்டுக்குக் கீழே வைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள்.

அந்த ஒரு வருடமும் வீட்டில் தொலைக்காட்சி நாடகம் இல்லை, சினிமாப் பாட்டு இல்லை, சிரிப்பும் அளவோடுதான். மாமனார் சிவபாதசுந்தரம் வாய் திறந்து எதையும் தடுத்தவர் அல்ல. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற அவர், பிடிக்காத ஒன்றைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டுவார். அவ்வளவுதான். அந்தத் துடைப்புக்குப் பயந்து இடமாற்றம் கேட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று ஆரணியின் கணவன் சயந்தன் சொல்லுவான்.

அட்டையைக் கிழிக்க முடியாது. ராசிக் நானாவின் புத்தகம். பழைய பத்திரிகையால் உறை போட்டால், என்ன புத்தகம் என்று கேள்வி வரும். யோசித்துக்கொண்டு கட்டிலில் இருந்தவளின் குதிக்காலில் கட்டிலின் கீழிருந்த அட்டைப்பெட்டி தட்டியது.

பெட்டிக்குள் மாமி இருந்தார். அதாவது, மாமியின் நினைவு மலர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க அச்சடித்தவை. முன்னட்டையில் பூமாலை சூழ்ந்த மாமியின் படம், கீழே ‘அமரர் பரிமளகாந்தி சிவபாதசுந்தரம்’ என்ற எழுத்து, உள்ளே தேவாரங்களும் வாழ்க்கை வரலாறும். குறைந்துபோனால் மரியாதை கெட்டுவிடும் என்று மாமனாரின் தங்கை கனகேஸ்வரி சொன்னதால் அளவுக்கு மேல் அடித்து, மிஞ்சியது மலைபோல் கிடந்தது. காலமானவரின் முகத்தை எந்த வீட்டில் குப்பையில் போடுவார்கள்? பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்கலாமா? கடலை சுற்றலாமா? தமிழர் வீடுகளில் இப்படி எத்தனையோ முகங்கள் அலுமாரிகளுக்கு மேலே வேலையில்லாமல் இருக்கின்றன. ஆரணி ஒரு முகத்துக்கு வேலை கொடுத்தாள். மலரின் அட்டையைக் கழற்றி நாவலுக்குப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

மாமி உயிரோடிருந்த காலத்தில் ஆரணிக்குத் தனக்கென்று ஒரு மணித்தியாலம் வாய்த்ததில்லை. அவள் கையில் புத்தகத்தைக் கண்டால்தான் மாமிக்குத் தேங்காய் துருவவேண்டியிருப்பது ஞாபகம் வரும். இப்போது, மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி, சுவரில் மாட்டியிருந்த மாமியின் பெரிய படத்துக்கு முன்னால் பாயில் அமர்ந்து, மாமியின் முகத்தையே கையில் பிடித்தபடி ஒரு கொலையைப் படித்தாள். யாரும் தேங்காய் கேட்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் கிடைத்த பிறகு, நாளின் மற்ற மணித்தியாலங்களும் அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை. அதை இழக்க அவள் எதற்காகவும் தயாரில்லை. ஒரு நாவல் முடிந்தால் அதே அட்டை அடுத்த நாவலுக்கு மாறும்.

மூன்றாம் நாள் மாமனார் வந்து பின்னால் நின்றார். ஆரணி அட்டையைச் சற்று உயர்த்திப் பிடித்தாள். அவர் அட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போய்த் தன் பிரம்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

“படி பிள்ளை. நான் கரைச்சல் தரமாட்டன்.”

“மனசுக்குள்ளைதான் மாமா படிக்கிறனான்.”

“அதுதான் திறம்,” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. காலையில் பத்திரிகையைச் சயந்தன்தான் வாசித்துக் காட்டுவான். ஆகவே ஆரணி பயப்படவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக உதடுகளை அசைத்தாள். பிணவறைக் காட்சியைப் படிக்கும்போது இடையிடையே கண்ணை மூடி ‘சிவசிவா’ என்றாள். அது உண்மையிலேயே வந்தது.

அடுத்த கிழமை, விறாந்தை விளக்கு மங்கலாக இருக்கிறது என்று மாமனார் ஆள் பிடித்து வெளிச்சமான புதுக் குமிழ் போடுவித்தார். படத்தில் மாமியின் முகம் தெரியவில்லையாம். அதற்கடுத்த கிழமை கதிரை ஒரு முழம் முன்னால் வந்தது. அதன்பின், மகன் எத்தனையோ வருடமாகக் கெஞ்சியும் மாட்டேன் என்றிருந்த கண் சத்திரசிகிச்சைக்கு, சோற்றில் குழம்பை விட்டுக்கொண்டே ஒருநாள் சம்மதித்தார்.

“உம்மடை அம்மான்ரை முகத்தை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்,” என்றார் மகனிடம். சயந்தன் எழுந்து போய்க் குளியலறையில் நின்று அழுதுவிட்டு வந்தான்.

ஆரணியும் அழுதாள். அவளுடைய காரணம் வேறு. கண் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். செத்தவரின் முகத்தைக் கொலைக் கதைக்குப் போர்த்திய மருமகள் என்று வெள்ளவத்தை முதல் வத்தளைவரை பெயர் கிடைக்கும். அதைவிட, இந்த மனுசன் உடைந்துபோவார். மாமிக்கான பாராயணம் என்று நம்பித்தானே இரவில் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்.

நல்லகாலமாக, சிகிச்சை முடிந்து அவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வெளிச்சம் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணாடிக்குள் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது. ஆரணி மூச்சு விட்டாள்.

இதற்குள் சயந்தன் பெருமை தாங்காமல் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அப்பாவின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டான். கனகேஸ்வரி மாமி பஸ் ஏறி வந்து, செருப்பையும் கழற்றாமல் வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தார். முன்னால் மருமகள், பின்னால் அண்ணன், நடுவில் அண்ணியின் முகம். சேலைத் தலைப்பு நனைந்தது.

“நான் உன்னை ஆரோ எண்டு நினைச்சனான் பிள்ளை,” என்று ஆரணியின் கையைப் பிடித்தார். “ஆட்டைத் திவசத்துக்கு நீதான் படிக்கிறாய். நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்.”

அவர் சொல்லப்போவதாகச் சொன்னால் அது சொல்லி முடிந்த மாதிரித்தான்.

மனச்சாட்சி குத்தியது. மறுநாள் முதல் ஆரணி உண்மையான மலரை எடுத்து, உண்மையான தேவாரத்தை, உண்மையாகவே படிக்க ஆரம்பித்தாள். மாமனார் பத்து நிமிடம் இருந்தார். செருமினார். இடுப்பு நோகிறது என்று எழுந்து போனார். இரண்டாம் நாள் ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் வரவே இல்லை. இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

“அப்பா சொல்லுறார், நீர் இப்ப முந்தி மாதிரி மனம் ஒன்றிப் படிக்கிறேல்லையாம்,” என்று சயந்தன் கவலையோடு சொன்னான். “ஏனப்பா, ஏதும் சுகமில்லையே?”

ஒரு வயதான மனிதரின் உடம்புக்காக ஆரணி மறுபடியும் கொலைக்குத் திரும்பினாள். அன்றிரவு அவர் இரண்டு இடியப்பம் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒன்று மட்டும் சொன்னார், தேவாரத்தை அவசரமாகப் புரட்டக் கூடாது, ஒவ்வொரு பக்கத்திலும் நின்று நிதானித்துப் போகவேண்டும் என்று.

அந்த நிதானம்தான் அவளைக் கெடுத்தது. அவர் சொன்ன வேகத்தில் போனால் கொலையாளி பொங்கலுக்குத்தான் பிடிபடுவான். கடைசி அத்தியாயம் வந்த அன்று பொறுக்க முடியாமல், மதியம் அடுப்படியில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே அதைப் படித்து முடித்தாள். தவணை நாளும் அதுதான். ஓடிப்போய் ராசிக் நானாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, வேறொன்று எடுத்து வந்தாள். ஆறு மணிக்குப் பாயில் இருக்கும்போதுதான் விளங்கியது. புத்தகத்தோடு மாமியும் போய்விட்டார்.

பெட்டியில் வேறு மலர்கள் இருந்தன. புது அட்டை போட்டுச் சமாளித்தாள். மாமனார் அன்று முழு நேரமும் முள்ளில் இருப்பவர்போல நெளிந்தார். விடிந்ததும் நேற்றுவரை படித்த மலர் எங்கே என்று கேட்டார்.

“அது பழசாப் போச்சு மாமா. பத்திரமா எடுத்து வைச்சிட்டன்.”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே துடைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, காலி வீதிப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். வெயிலில் வேர்த்து வழிய வந்தவர் அமைதியாக இருந்தார். தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். துக்கம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக வரும் என்று ஆரணி நினைத்துக்கொண்டாள்.

அவர் கண்ணயர்ந்ததும் அவள் கடைக்கு ஓடினாள். ராசிக் நானா மேசை லாச்சியைத் திறந்து, மடிப்பு விழாமல் வைத்திருந்த அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார்.

“மௌத்தான ஆள்ட முகம் தங்கச்சி, எறிய மனசு வரல்ல. நேத்தே ஒரு புள்ள கேட்டா, இந்த உம்மா எழுதின மத்தக் கதையளும் இருக்கா எண்டு.”

ஆரணி தலையைக் குனிந்துகொண்டு நன்றி சொன்னாள். யாவாரம் எப்படி என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள். யாவாரமா, வாடகைக்கு எடுக்கிற ஆட்களைவிடக் கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்துவிட்டுப் போகிற ஆட்கள்தான் இப்போது அதிகம் என்று அவர் அலுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் கைப்பைக்குள் இருந்த முகத்திடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். இத்தனை மாதம் சேர்ந்து படித்த பழக்கத்தில், மாமி உயிரோடிருந்தபோது சொல்ல முடியாத இரண்டொரு விசயங்களையும் சொன்னாள்.

ஆட்டைத் திவசத்தன்று கனகேஸ்வரி மாமி விடியற்காலையே வந்து வீட்டைக் கையில் எடுத்தார். ஆரணிக்கும் ஒரு திட்டம் இருந்தது. பெட்டியிலிருந்து உண்மையான மலர் ஒன்றை எடுத்துப் படிப்பது. அதோடு இந்தக் களவை விட்டுவிடுவது. சமையலை முடித்து, குளித்து, கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். வெறும் நிலம் பளபளத்தது.

“பெட்டியோ? ஆக்கள் இருக்க இடம் வேணுமெல்லே. எல்லாத்தையும் காலமை ஓட்டோவிலை ஏத்திக் கோயில் மடத்துக்கு அனுப்பிப்போட்டன், அங்கை வாற சனம் படிக்கட்டும்,” என்றார் கனகேஸ்வரி மாமி. “நீ நெடுக வைச்சுப் படிக்கிறதை மட்டும் விட்டனான். அதிலைதானே உன்ரை கைராசி இருக்கு.”

அந்த ஒன்று பட்டுத்துணி விரித்த பலகையில், குத்துவிளக்குக்கு முன்னால் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, நின்றுபோன லிப்டின் கதவை இன்ஸ்பெக்டர் ஒருவர் இரும்புக்கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

ஐயர் கிரியைகளை முடித்தார். சொந்தங்கள் விறாந்தை நிறைய இருந்தார்கள். ஆரணி பாயில் அமர்ந்தாள். பின்னால் பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். மாமனாரின் முகத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லை. நேற்றோடு போதும் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். புதுக் கண்கள் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

“இண்டைக்கு மட்டும் வாய்விட்டுப் படி பிள்ளை,” என்றார் கனகேஸ்வரி மாமி. “எல்லாரும் கேக்கட்டும்.”

ஆரணி புத்தகத்தைத் திறந்தாள். இன்ஸ்பெக்டரின் நெற்றியில் வியர்வை வழிந்தது, அவளுக்கும்தான். பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் பாடமாக்கிய தேவாரம் ஒன்று ஞாபகத்தில் இருந்தது. கண்களை லிப்டின் மேல் வைத்துக்கொண்டு அதைப் பாடினாள். குரல் நடுங்கியது, அந்த நடுக்கத்தைச் சனம் பக்தி என்று எடுத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியது. பாட்டு முடிந்தது. இன்னுமொன்று என்றார் கனகேஸ்வரி மாமி. ஆரணியிடம் இன்னுமொன்று இல்லை. அதே தேவாரத்தை வேறு மெட்டில் ஆரம்பத்திலிருந்து பாடினாள். ஐயர் ஒரு புருவத்தை உயர்த்தினார். அதுவும் முடிந்தது.

இரண்டு பாட்டுப் பாடியும் பக்கம் புரட்டாவிட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அவள் விரலை நாக்கில் தொட்டுத் தாளின் நுனியைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்தத் தாளை மெல்ல அழுத்திப் பிடித்தது. நரம்போடிய, பேனை பிடித்த காலத்திலிருந்து நடுங்காத கை. விறாந்தை முழுவதும் அதைப் பார்த்தது. கனகேஸ்வரி மாமி கழுத்தை நீட்டினார். ஆரணி கண்களை இறுக மூடினாள். ஆறு மணி போய்விட்டது, பெயர் போய்விட்டது, எல்லாம் போய்விட்டது.

சிவபாதசுந்தரம் மறுகையால் கண்ணீரைத் துடைப்பவர்போலக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மிகுந்த மரியாதையான குரலில் சொன்னார்:

“பிரட்டாதை பிள்ளை. இன்ஸ்பெக்டர் இன்னும் லிப்டைத் திறக்கேல்லை.”