சாரலில் நிற்காத சாரதி

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து முதலில் காற்று வரும். காற்றின் முதுகில் ஏறிக்கொண்டு சாரல் வரும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, தோள்கள் காதைத் தொட, முழங்கைகள் கோழி இறக்கை போல விரிய, கண்கள் ஊசிக்காதாகச் சுருங்க, பற்கள் அத்தனையும் ஊருக்கே தெரிய, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மனிதர் வருவார். சிரிக்கிறார் என்று நினைத்து நீங்களும் பதிலுக்குச் சிரித்துவிடாதீர்கள். அது சிரிப்பு அல்ல. பயம்.

அவர்தான் புது மோட்டார் சைக்கிள்காரர். அதிலும் மழையில் நிற்காத புது மோட்டார் சைக்கிள்காரர்.

மழை வலுத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? புளியமரத்தடியில் ஒதுங்குவார்கள். டீக்கடைத் தகரத்தின் கீழே வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு, தலையைத் துவட்டி, ஒரு டீ சொல்லி, முன்பின் தெரியாதவரிடம் "நல்லாப் புடிச்சுக்கிச்சுங்க" என்று பேச்சுக் கொடுப்பார்கள். இவர் மட்டும் நிற்கமாட்டார். அத்தனை பேர் கண்ணெதிரே, தண்ணீரைப் பிளந்துகொண்டு, ஒரே வேகத்தில், நேராகப் பார்த்தபடி போய்க்கொண்டே இருப்பார். "யாருங்க இந்த வீரன்!" என்று டீக்கடை மூக்கின்மேல் விரல் வைக்கும். வீரனாவது! நிறுத்தத் தெரிந்தால் அந்த வீரன் எப்போதோ டீ குடித்திருப்பான்.

இந்த இனத்துக்கு உத்தமமான உதாரணம் கிணத்துக்கடவு மயில்சாமி. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாற்பதை நெருங்கும் வயதில், தொண்ணூற்றாறாம் வருஷத்துச் சித்திரையில், பஸ் படிக்கட்டில் தொங்கியது போதும் என்று முடிவெடுத்து, சிவப்பு நிறத்தில் ஒரு நூறு சி.சி. வண்டி வாங்கினார். ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. நிற்கவேண்டிய இடத்தில் நின்றார், போகவேண்டிய இடத்துக்குப் போனார்.

ஆனி வந்தது. முதல் சாரலில் குறுக்கே ஒரு வெள்ளாடு வந்தது. மயில்சாமி கைக்கும் காலுக்கும் அகப்பட்ட அத்தனையையும் ஒரே நேரத்தில் அழுத்தினார். வண்டி கிழக்கே போனது, அவர் மேற்கே போனார், ஆடு தன் வழியில் போனது. அடி பெரிதில்லை. எழுந்து வண்டியைத் தூக்கி உதைத்தார். உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். சுற்றிக் கூட்டம் கூடியது. "சோக்கை இழுங்க" என்றது ஒரு குரல். "இழுக்காதீங்க, தள்ளுங்க" என்றது இன்னொன்று. "பிளக்குல தண்ணி போயிருக்குமுங்க" என்றார் குடைக்குள் நின்ற ஒரு மகானுபாவர். அன்று அந்த நடுரோட்டில், நனைந்த மீசையோடு மயில்சாமி ஒரு சபதம் எடுத்தார். இனி மழையிலும் காற்றிலும் கம்பெனி கேட்டை விட்டால் வீடுதான். நடுவில் எதற்கும் நிற்பதில்லை!

பயத்தைப் பயமாக வைத்திருப்பது இந்த இனத்துக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு சித்தாந்தம் வேண்டும். மயில்சாமி மறுநாளே தயார் செய்துவிட்டார்.

"ஓடற வண்டியக் காத்து ஒண்ணும் பண்ணாதுங்க பாய். நின்னாத்தான் சாச்சுப்போடும்" என்று ஸ்டோரில் கூட வேலை பார்க்கும் கலீல் ரஹ்மானுக்குப் பாடம் எடுத்தார்.

"அப்ப பெட்ரோல் எப்படிங்க போடுவீங்க?"

"வெயில் அடிக்கறப்பப் போட்டுக்குவனுங்க."

சித்தாந்தத்துக்குத் துணையாகச் சடங்குகளும் சேர்ந்தன. காற்று நெஞ்சில் ஏறாமல் இருக்கச் சட்டைக்குள் பழைய பேப்பர். மழைக்கோட்டை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு, முதுகுப் பொத்தானைப் போட்டுவிட வாட்ச்மேன். தலையில் ஜவுளிக்கடைப் பை. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு வார்ப்பிரும்புத் துண்டை வண்டியின் இடது பக்கப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். மேற்குக் காற்று தள்ளும்போது வண்டி சாயாமல் இருக்க வேண்டுமல்லவா? காலையில் வடக்கே கோயமுத்தூர் போகும்போது மேற்கு இடப்பக்கம். இரும்பு காற்றை எதிர்த்துத் தாங்கியது. சாயங்காலம் திரும்பும்போது மேற்கு வலப்பக்கம் வந்துவிடும். இரும்பும் காற்றோடு கட்சி சேர்ந்துகொண்டு அவரைக் கிழக்குப் பக்கத்துச் சோளக்காட்டுக்கு அழைக்கும். சாயங்காலக் காற்று பொல்லாதது என்று சொல்லிக்கொண்டாரே தவிர, பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

இதெல்லாம் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை இருந்தாள்.

கயல்விழி ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அமைதியான பெண். குறிச்சியில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் பாலகோபால் என்ற பையனை, உறவில் அத்தை முறையான சாமியாத்தாள் பார்த்துச் சொல்லியிருந்தாள். இரு வீட்டுப் பெரியவர்களும் கூட இருக்க, பெண்ணும் பையனும் அத்தை வீட்டில் ஒருமுறை பார்த்தும் ஆயிற்று. "உங்க இஷ்டமுங்க அண்ணா" என்றுதான் கயல்விழி சொன்னாள். ஆனால் அன்று முதல் துணி துவைக்கும் கல்லுக்கும்கூட அவள் குரலில் பாட்டுக் கேட்கக் கிடைத்தது. மிச்சம் இருந்தது கோபிசெட்டிபாளையத்திலிருந்து பையனின் தகப்பனார் லட்சுமணசாமி வந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான். அதுவும் ஆனிக்குள். ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஆடி கழிவதற்குள் வேறு ஜாதகம் நுழைந்தால் யார் என்ன செய்யமுடியும்?

லட்சுமணசாமி மரியாதைக்காரர். மகன் வயசுப் பையனையும் "வாங்க, உக்காருங்க" என்பவர். அன்று சாயங்காலம், பெண் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டு, ஒத்தக்கால்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் சாரலில் நின்றுகொண்டிருந்தார். காற்று அவர் குடையைத் தாமரைப் பூவாக விரித்துவிட்டது. அப்போது தெற்கே போகிற ஒரு சிவப்பு வண்டியில் மயில்சாமியைக் கண்டார். முகம் மலர்ந்தது. கை உயர்ந்தது.

"ஏனுங்க மயில்சாமி! சித்த நில்லுங்க!"

மயில்சாமி பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இறங்கிக் கும்பிட வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. நிறுத்தவா? வண்டி வழுக்கும். கையெடுக்கவா? எடுத்த மறுநொடி வண்டியைக் காற்று வாங்கிக்கொள்ளும். உடம்பில் சும்மா இருந்தவை பல்லும் கட்டைவிரலும்தான். பல்லைக் காட்டினார். கட்டைவிரலால் ஹாரனை அமுக்கினார். போகிற போக்கில் முன்சக்கரம் ஒரு குழியைத் தேடிப் பிடித்து, லட்சுமணசாமியின் வெள்ளை வேட்டியை முழங்கால் வரை செம்மண் நிறமாக்கியது.

ஐயோ! ஒரு பெண்ணின் எதிர்காலமே அந்தச் சேற்றில் விழுந்து கிடக்க, அவள் அண்ணன் திரும்பிப் பார்க்கவும் வழியில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு நாளில் சாமியாத்தாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "மழையில நிக்கற மனுசனப் பாத்துப் பல்ல இளிச்சுப்போட்டு ஆரன் அடிச்சுட்டுப் போனயாமா! 'வண்டி வந்ததும் கண்ணு தெரியாத ஊட்ல பொண்ணு எடுக்கறதுக்கு ரோசனையா இருக்குதுங்க'ன்னு சொல்லிப்போட்டாரு. கால்ல விழாத குறையாக் கெஞ்சியிருக்கறேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து ஒரே வார்த்தை கேப்பாராமா. சரியாச் சொன்னா வெத்தலை பாக்கு. இல்லாட்டி அவ்வளவுதான்."

கயல்விழி எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு கிணற்றடியில் பாட்டு இல்லை.

அன்று இரவு மனைவி பூவாத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, உள்ளதச் சொல்லிப்போடுங்க."

"என்னத்த?"

"மழைல நிறுத்த வராதுன்னு."

"மெதுவாப் பேசு! பக்கத்து ஊட்ல காது இருக்குது. திமிருன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நிறுத்தத் தெரியாதவன்னு பேரு வாங்கச் சொல்றயா?"

"நீங்க பேரு வாங்கறதுக்கு அந்தப் புள்ளையா அழுவோணும்?"

மயில்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வாசகர்களே, இந்த இனத்தின் உயிர்நாடி இதுதான். திமிர் பிடித்தவன் என்று ஊர் சொன்னால் தாங்கும். தெரியாதவன் என்று ஒருவர் சொன்னால் தாங்காது.

ஞாயிறு வந்தது. காற்று தென்னை மரங்களின் தலையைப் பிடித்து உலுக்கியது. சாரல் குறுக்காக அடித்தது. வாசலில் மயில்சாமி தோளில் துண்டோடு நின்றார். மனதுக்குள் இரண்டு பொய்கள் தயார்: ஒன்று, கண்ணில் தூசி, இன்னொன்று, கம்பெனியில் அவசரம். பக்கத்தில் பூவாத்தாளும் சாமியாத்தாளும். கதவுக்குப் பின்னால் கயல்விழி.

தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். பாலகோபால் ஓட்ட, பின்னால் லட்சுமணசாமி. மூன்று பேரும் கைகூப்பினார்கள். வண்டி வந்தது. வீட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்தது. போய்விட்டது.

"பாத்தியா மயிலா! பழிக்குப் பழி!" சாமியாத்தாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ செஞ்சத இன்னைக்கு ஊட்டு வாசல்லயே வந்து செஞ்சுபோட்டாங்க!" கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. பூவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சந்தைத் திடலைச் சுற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. கூப்பிய கைகள் மறுபடி உயர்ந்தன. வண்டி மறுபடி போய்விட்டது. ஆனால் இந்தத் தடவை, மகன் இடுப்பை உடும்பாகப் பிடித்திருந்த லட்சுமணசாமியின் குரல் காற்றில் துண்டுதுண்டாக வந்தது.

"வந்துட்டமுங்க... இதா வாரமுங்க... டேய், நிறுத்துடா..."

மயில்சாமி உற்றுப் பார்த்தார். காதைத் தொடும் தோள்கள். விரிந்த முழங்கைகள். வெளியே தெரியும் பற்கள். பிறந்தவுடன் பிரிந்துபோன தம்பியைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டவர்போல அவர் கண்கள் நிறைந்தன. "ஐயோ, இவரு நம்ம ஆளுங்க!" என்று அவர் அலறிய நேரத்தில் வண்டி மூன்றாவது முறையாக வந்தது.

"ஒதுங்குங்க!" என்றாள் பூவாத்தாள்.

முந்தானையை இடுப்பில் செருகினாள். வண்டி தன்னைத் தாண்டும்வரை விட்டு, பின்னாலேயே நாலு எட்டு ஓடி, கேரியர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி ஒரு சாய்ப்புச் சாய்ந்தாள். வண்டி இருமியது. திணறியது. அடங்கியது.

லட்சுமணசாமி இறங்கினார். மயில்சாமியைப் பார்க்கவில்லை. பூவாத்தாளைத்தான் பார்த்தார்.

"ஏம்மணி, கன்னுக்குட்டியப் புடிக்கறாப்ல புடிச்சுப்போட்டயே. புதுசாப் புடிக்கறவ கையாட்டந் தெரியலையே?"

"மழைக்காலத்துல பொழுதானா இதானுங்க மாமா என்ற சோலி" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாக் கண்களும் மயில்சாமி மேல் திரும்பின. தூசியா, அவசரமா? இரண்டு பொய்யும் நாக்கு நுனியில் நின்றன. கதவோரம் கயல்விழியின் முகம் தெரிந்தது. அழுது சிவந்த கண்ணோடு, அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மழைல நிறுத்த வராதுங்க" என்றார் மயில்சாமி. "அன்னைக்கு உங்களைப் பாத்தனுங்க. கும்பிடோணும்னுதானுங்க இருந்துச்சு. கை வரலீங்க. பல்லுத்தான் வந்துச்சு."

லட்சுமணசாமி அவரைப் பார்த்தார். பிறகு, வண்டியை விட்டு இறங்காமல் ஸ்பீடோமீட்டரையே படித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"நீ எங்கிட்ட என்ன சொன்ன? 'பஸ்ஸு எதுக்குங்கப்பா, நான் நல்லா ஓட்டுவேன்'னு சொன்ன."

"ஓட்டறது நல்லாத்தானுங்கப்பா ஓட்டறேன்."

"எப்பங்க மாப்ள வாங்குனீங்க?" என்றார் மயில்சாமி, பாசத்தோடு.

"போன வெள்ளிக்கெழமைங்க."

லட்சுமணசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்ற ஊட்லயே ஒண்ண வெச்சுட்டு ஊரான் ஊட்ல குத்தம் சொல்லிப்போட்டனுங்களே! வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்க. ஆனா ஒரு கண்டிசன்."

சாமியாத்தாள் மறுபடி நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"கேரியர் புடிக்கறதை இந்தப் புள்ளைக்கும் பழக்கி அனுப்போணும்."

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் தெருமுனை வரை கேட்டது. "நான் புடிக்க மாட்டனுங்க மாமா. அவரு நிறுத்தப் பழகிட்டு வரட்டுமுங்க."

பாலகோபால் முதல்முறையாக ஹாண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். ஆடி பிறப்பதற்குள் தாம்பூலம் மாறியது. ஆவணிக் கல்யாணத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் தானாக வந்து நின்று காட்டினார். மயில்சாமி? நாளைக்குப் பழகிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "நான் வண்டி ஓட்டிப் பல வருஷமாச்சு" என்கிறீர்கள். "எனக்கு வண்டியே இல்லை" என்றும் சிலர் சொல்வீர்கள். நல்லது. ஆனால் இந்த இனத்தில் சேர வண்டி கட்டாயமில்லை. வராத ஒன்றை வரும் என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி போகத் தெரிந்தால் போதும். வீடு வந்து சேர்ந்ததுகூடத் தன் சாமர்த்தியம்தான் என்று நம்பத் தெரிந்தால் இன்னும் விசேஷம்.

சந்தேகமாக இருந்தால் இன்று சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது உங்கள் வாசலைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே யாராவது அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார்களா?